வீட்டு நெபுலைசரும் ஒரு பிளாஸ்டிக் குழலும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயதில் முதன்முறையாக இழுப்பு வந்தது. அதன் பின் பிடித்த சளியெல்லாம் நெஞ்சில் இறங்கி வீசிங்கில் போய் நின்றதால், குழந்தை மருத்துவரின் ஆலோசனைப்படி, மருந்துநீரை மூச்சோடு இழுக்கும் நுண்துளிகளாக்கும் நெபுலைசர் கருவியை, கம்ப்ரஸர் வகையில் ஒன்று வாங்கினோம். இடையில், நுண்துளை வலை வழியே அதே வேலையைச் செய்யும் மெஷ் வகைக் கருவி ஒன்றும், பிற்பாடு இன்ஹேலரோடு பொருத்தும், முகமூடியுள்ள ஸ்பேசர் என்ற குழலும் வந்து சேர்ந்தன. மூன்றையும் ஒரே குழந்தைக்குப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில் எழுதும் மதிப்பீடு இது. எந்த மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை. நான் பேசுவது கருவிகளைப் பற்றி மட்டுமே.

கம்ப்ரஸர் கருவியின் வயிற்றில் இருப்பது ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவுதான். அது அழுத்தித் தரும் காற்று மருந்துக் கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசித்துளை வழியே பீறிடும்போது, மருந்துநீர் மேலே உறிஞ்சப்பட்டுச் சிதறுகிறது; பெரிய துளிகள் தடுப்பில் மோதிக் கிண்ணத்துக்குள்ளேயே விழ, நுண்துளிகள் மட்டும் புகையாக வெளியேறுகின்றன. 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையுள்ள துளிகளே நுரையீரலின் சிறு கிளைகள் வரை செல்லக்கூடியவை. அதைவிடப் பெரியவை வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். இந்த வேலையைக் கருவி இரண்டு ஆண்டுகளும் குறையின்றிச் செய்தது. 2.5 மி.லி. மருந்து ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடும். கிண்ணம் விட்டுவிட்டுத் துப்பத் தொடங்கும்போது விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், ஓரத்தில் ஒட்டியிருந்த துளிகள் இறங்கி இன்னும் அரை நிமிடத்துக்குப் புகை வரும். அப்படியும் ஏறத்தாழ 1 மி.லி. அடியில் தங்கிவிடுவதைப் பார்த்து, கருவி பழுதோ என்று முதலில் ஐயப்பட்டேன். இவ்வகைக் கருவிகளின் இயல்பே அதுதானாம்.

குறை வேறிடத்தில் இருந்தது. கருவியை இயக்கியதும் எழுந்த இரைச்சலில் குழந்தை மிரண்டுவிட்டாள். ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், மடியில் இருத்திக்கொண்டு முகமூடியை வைக்க வைக்க அவள் தலையைத் திருப்பி அலறினாள். வேறு வழியின்றி முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரவு விளக்கின் ஒளியில் முகமூடியின் ஓரத்திலிருந்து வெண்புகை கிளம்பி அவள் காதை உரசிக்கொண்டு போனது. புகை நன்றாக வருகிறதே என்று அப்போது நிம்மதியாக இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்த அந்தப் புகை முழுவதும் அவள் நெஞ்சுக்குள் போகாத மருந்து என்பது மறுநாள் மருத்துவர் விளக்கியபோதுதான் உறைத்தது.

முகமூடிக்கும் முகத்துக்கும் இடையே 1 செ.மீ. இடைவெளி விழுந்தாலே உள்ளே போகும் மருந்து ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும் என்றார் அவர். அழும் குழந்தை ஆழமாக மூச்சிழுப்பதால் மருந்து நன்றாகப் போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உறுதியாக நம்பினார்கள், நானும் நம்பினேன். உண்மை நேர்மாறானது. நீண்ட அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு. இடையில் வெடுக்கென்று இழுக்கும் மூச்சில் மருந்து தொண்டையிலேயே மோதிப் படிந்துவிடுகிறது. எங்கள் கருவியுடன் வந்த இரண்டு முகமூடிகளில் சிறியதும்கூட அவள் தாடைக்குக் கீழே தொங்கியது. கைக்குழந்தை அளவு முகமூடியைத் தனியாக வாங்கிய பிறகே மூக்குப் பாலத்தில் கசிவு நின்றது. பெட்டியின் மேல் கரடிப் படமும் முயல் படமும் அச்சிடும் நிறுவனங்கள், இந்தச் சிறிய முகமூடியை உள்ளே வைப்பதில் அந்த அக்கறையைக் காட்டியிருக்கலாம்.

சுத்தம் செய்வதும் சிறிய வேலையன்று. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் முகமூடியையும் கழற்றிக் கழுவி, துடைக்காமல் சுத்தமான துணியின் மேல் காயவைக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கருவியைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டால் உலர்ந்துவிடும். மருந்துடன் கலப்பதற்குக் குழாய்த் தண்ணீரோ வீட்டில் கலக்கிய உப்புநீரோ ஆகாது. மருத்துவர் சொன்னால் கிருமி நீக்கிய 0.9% சலைன் எனும் உப்புநீர் மட்டும்தான். ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பின் குழந்தையின் முகத்தைத் துடைத்து வாயையும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் வாய்க்குள் வெண்படலம் வரலாம்.

மெஷ் வகைக் கருவி கைக்குள் அடங்கும், சத்தமே கிடையாது, பேட்டரியில் இயங்கும். தூக்கத்தில் வைத்தால் போதும் என்ற ஆசையில்தான் வாங்கினோம். முகமூடி கன்னத்தில் பட்டதுமே பாதி நாள் விழித்துக்கொண்டாள். நான்காம் மாதத்தில் அதன் வலைத்துளைகள் அடைத்துக்கொண்டு புகை மெலிந்தது. நான் சரியாக அலசாததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். பயணத்துக்கு நல்ல துணை, அதற்கு மேல் புகழ மனமில்லை.

அடுத்த பரிசோதனையின்போது மருத்துவர் ஸ்பேசரை எழுதிக் கொடுத்தார். ஒரு முனையில் இன்ஹேலரும் மறுமுனையில் முகமூடியும் பொருந்தும் வெற்றுக் குழல், நடுவில் ஒரு வால்வு; மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. இதுவா அந்தப் பெரிய கருவிக்கு ஈடு என்று மனம் ஒப்பவில்லை. ஆனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமா இழுப்பில், ஸ்பேசர் நெபுலைசருக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லும் முடிவு. மருந்தால் வரும் நெஞ்சுப் படபடப்பும் ஸ்பேசரில் குறைவாகவே இருந்திருக்கிறது. ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலும் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இதையே முதலில் வைக்கிறது. இன்ஹேலரே ஒரு குழந்தையின் கேள்வியில் பிறந்ததுதான்: தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போல என் ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக் கூடாது என்று ரைக்கர் ஆய்வகம் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள் 1955-இல் கேட்க, மறு ஆண்டே அது விற்பனைக்கு வந்தது.

இன்ஹேலரைக் குலுக்கி, முகமூடியைப் பதித்து, ஒரே ஒரு முறை அழுத்தி, வால்வு ஐந்தாறு முறை அசையும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு மீண்டும் குலுக்கல். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது. புதுக் குழலின் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும் என்பதால், பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கித் துடைக்காமல் உலர்த்திய பிறகே பயன்படுத்தினோம். வால்வு அசைவதை மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். மூன்றாம் வாரத்தில், "அம்மா, நானே பிடிச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.

வீட்டில் கருவி இருக்கும் துணிச்சலில் எனக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாலையில் மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் இழுப்பு வந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பாமல் இன்னொரு முறை நெபுலைசரை இயக்கிக்கொண்டிருந்தேன். விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிவதைக் கண்ட பின்புதான் ஓடினோம். வீட்டுக் கம்ப்ரஸர் தள்ளுவது அறைக் காற்றை. அன்று அவளுக்குத் தேவைப்பட்டது ஆக்ஸிஜன். மருந்தின் பலன் மூன்று நான்கு மணி நேரம் நிற்காவிட்டாலும், பேசவோ குடிக்கவோ குழந்தை திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எந்தக் கருவியையும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

கம்ப்ரஸர் நெபுலைசருக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண், மெஷ் கருவிக்கு இரண்டு, ஸ்பேசருக்கு நாலரை. முகமூடியின் சிலிக்கோன் ஓரம் ஓராண்டில் விறைத்துப்போய் மாற்ற வேண்டியிருந்ததால்தான் அந்த அரை மதிப்பெண்ணைக் கழித்தேன்.