தவளைமீன் என்று விற்கப்பட்ட கல்மீன்: கடல்மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில், முல்லைத்தீவிலிருந்து கலன்களில் கொண்டுவந்த கடல்நீரை நிரப்பி, 200 லீற்றர் தொட்டி ஒன்றில் கடல்மீன் வளர்த்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன், கொழும்பிலிருந்து மீன் தருவித்து விற்கும் ஒரு கடையில், பாசி படிந்த கல்லைப் போல அசையாமல் கிடந்த மீன் ஒன்றை 18,000 ரூபா கொடுத்து வாங்கினேன். அது தவளைமீன், மிகவும் சாதுவானது, கையாலேயே தொடலாம் என்று கடைக்காரர் சொன்னார். தவளைமீனுக்கு நச்சுமுள் இல்லை என்பதை முன்னரே வாசித்திருந்ததால் அவர் சொல்லை நம்பினேன்.

ஐந்து இரவுகளுக்குள் கோமாளிமீன்கள் இரண்டும் காணாமற்போயின. தொலைபேசியில் முறையிட்டபோது, அவை வெளியே துள்ளி விழுந்திருக்கும் என்றும், இனிமேல் அந்த மீனுக்கு இரையாகத் தங்கமீன் வாங்கிப் போடும்படியும் பதில் வந்தது. தங்கமீன் நன்னீர் மீன். அதன் உடலில் வைற்றமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்னும் நொதியம் இருப்பதால், அதையே தொடர்ந்து உண்ணும் கடல்மீன் நாளடைவில் நலிந்துவிடும். விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை உண்மையில் நடுங்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். முல்லைத்தீவில் 40 வருடங்கள் கடலுக்குப் போன என் மனைவியின் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் மகன் கண்ணாடியைத் துடைப்பதற்காகத் தொட்டிக்குள் கையை விட்டதைக் கண்டதும், "தம்பி, கையை எடுங்கோ! உது கல்மீன், குத்தினால் உயிர் போற நோவு" என்று கத்தினார். மகனின் விரல்களுக்கும் மீனின் முதுகுக்கும் இடையே ஒரு சாண் கூட இருக்கவில்லை.

அன்றிரவே இரண்டின் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தவளைமீனுக்கு வாய்க்கு மேலே இரையை ஈர்க்கும் சிறு தூண்டில் போன்ற உறுப்பு உண்டு. அதன் செவுள் திறப்பு கைபோன்ற துடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு துளையாக மட்டுமே தெரியும். கல்மீனுக்குத் தூண்டில் இல்லை, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், உடலை மணலில் பாதி புதைத்துக்கொள்ளும். முதுகில் தடித்த தோலுக்குள் மறைந்திருக்கும் 13 முட்களின் இருபுறமும் நச்சுப்பைகள் உள்ளன. என் தொட்டியில் இருந்தது இரண்டாவதுதான். தண்ணீருக்கு வெளியேயும் அது பல மணிநேரம் உயிரோடிருக்கும் என்பதால், செத்துவிட்டதென்று எண்ணிக் கையால் எடுப்பதும் ஆபத்தே.

குத்திவிட்டால், காயப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடங்கள் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். இந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும். சூட்டைக் காயப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நோவில் துடிப்பவருக்குத் தோல் வெந்துபோவது தெரியாது. இதைச் செய்துகொண்டே 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைத்து வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டபோது, பெட்டியில் அந்தப் பெயர்தான் எழுதி வந்தது என்றும், கண்ணால் பார்த்து வாங்கிய மீனைத் திருப்பி எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். பெயர் மாறி வந்திருக்கலாம் என்று நானும் ஒரு கணம் எண்ணினேன். ஆனால் விற்ற அன்று அந்தக் கடைக்காரர் மற்ற மீன்களையெல்லாம் கைவலையால் பிடித்துத் தந்தவர், இதை மட்டும் நீண்ட பிடியுள்ள பிளாஸ்ரிக் பாத்திரத்தால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கோலி எடுத்தார். தெரியாமல் விற்றார் என்று இனி என்னால் நம்ப முடியவில்லை.

என் மீன் இப்போது மூடியிட்ட தனித்தொட்டியில், நீண்ட இடுக்கியால் கொடுக்கும் இறாலைத் தின்று நலமாக இருக்கிறது, தவறு அதனுடையதல்ல. ஆனால் அதே கடையில், சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள மூடியில்லாத தொட்டியில், தவளைமீன் என்ற அதே பெயர்ச்சீட்டுடன் இன்னொன்று கிடப்பதைப் போன கிழமையும் கண்டேன்.