தோள்பட்டை சிகிச்சைக்கு மொத்தமாக முன்பணம் கட்டிவிடாதீர்கள்

எனக்கு வயது 52. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. போன ஐப்பசியில் இடது தோள் இறுக ஆரம்பித்தது. முதலில் கொண்டை போட முடியவில்லை. பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை.

வீட்டருகே ஒரு பிசியோதெரபி மையம். '15 அமர்வுகளில் கை முழுதாக உயரும்' என்று வாசலில் பலகை. 12,000 ரூபாயை முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரை உண்டா, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நானும் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, என் தவறுதான்.

மூன்றாம் நாள் மல்லாக்கப் படுக்கவைத்து, தோளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் என் கையைத் தலைக்கு மேல் தள்ளினார் அங்கே சிகிச்சை கொடுத்த பையன். "போதும் தம்பி" என்று கத்தினேன். "வலித்தால்தான் ஒட்டு விடும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். மடக்கென்று ஒரு சத்தம். "பார்த்தீர்களா, விட்டுவிட்டது" என்று சிரித்தார்.

அன்றிரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்தது. ஸ்கேனில் தசைநாண் ஒன்று பாதி கிழிந்திருந்தது. முன்பே இருந்த கிழிசலா, அந்தத் தள்ளலில் வந்ததா என்று எலும்பு மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மையத்தாருக்குக் கைகழுவ அது போதுமானதாக இருந்தது.

மருத்துவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, பிறகு தடித்துச் சுருங்குவதுதான் 'உறைந்த தோள்' (frozen shoulder) என்ற இந்த நோய். சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும். விலக ஓராண்டு, சிலருக்கு மூன்றாண்டுகூட ஆகும். வலி உச்சத்தில் இருக்கும் முதல் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் வலியும் அழற்சியும்தான் கூடும். உறையை வலுவாக விடுவிப்பதென்றால் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். அப்போதும் எலும்பு முறியவோ தசைநாண் கிழியவோ வாய்ப்புண்டு. தம்பி அதைப் பல்லைக் கடிக்கச் சொல்லிச் செய்திருக்கிறார்!

இப்போது பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பி அளந்தார். பத்து டிகிரிகூடத் திரும்பவில்லை. கை சும்மா கிடக்க, தோள் குழிக்குள் எலும்பு முனையை மெல்ல நகர்த்தி அசைக்கிறார். அசைவை வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும்போதுதான் அசைவை ஆழமாக்க வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகத்தான் பணம்.

பழைய மையத்தில் மீதி 9,600 ரூபாயைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. "பாக்கி 12 அமர்வுகளுக்கு எப்போது வருகிறீர்கள்?" என்று வாரந்தோறும் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது.