விட்டு விட்டு வந்த காய்ச்சலும் காதுக்குப் பின்னால் இருந்த கறுப்புப் பொருக்கும்

சிட்னியிலிருந்து பொங்கலுக்காகக் குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊருக்கு வந்த பன்னிரண்டாம் நாள், ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பாராசிட்டமால் கொடுத்தால் வியர்த்துத் தணியும். ஐந்தாறு மணி நேரத்தில் மீண்டும் 103 டிகிரிக்கு ஏறிவிடும். "ஊர்த் தண்ணி ஒத்துக்கலை" என்று அத்தை சொன்னதை இரண்டு நாள் நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் போன தனியார் கிளினிக்கில், கவுனுக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மருந்தும் ஓர் ஊசியும் தந்தார்கள். அது என்ன ஊசி என்று சீட்டில்கூட எழுதவில்லை. டெங்கு, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று எதுவும் இல்லை என்று பரிசோதனை முடிவுகள் வந்தன. காய்ச்சல் மட்டும் விடவில்லை.

ஆறாம் நாள் அரசு மருத்துவமனையில், ஓ.பி. சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு எங்களைப் பார்த்த குழந்தை மருத்துவர், பிள்ளை எங்கே விளையாடினாள் என்பதைத்தான் முதலில் கேட்டார். கொல்லைப்புறப் புதரில் என்றதும், உடையைக் கழற்றச் சொல்லி அக்குள், தொடையிடுக்கு, கழுத்து என்று தேடியவர், சடையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் காட்டினார். சிகரெட்டால் சுட்டதுபோல், உளுந்தளவில் ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலியும் அரிப்பும் இல்லாததால் அவள் சொல்லவில்லை. தினமும் சடை பின்னிய என் கண்ணிலும் படவில்லை.

உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ் என்றார். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் இந்தக் கிருமி, உடலின் செல்களுக்குள்ளேயே வாழ்வதால் செஃபிக்சிம் போன்ற மருந்துகளுக்கு மசியாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் வேண்டும். தாமதித்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பதால், எலைசா என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருந்தைத் தொடங்கினார். அதற்குக் காசு வாங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் நின்றது. எல்லோருக்கும் கடித்த இடத்தில் இந்தப் பொருக்கு இருக்காதாம், எங்களுக்கு அதிர்ஷ்டம்.

காய்ச்சல் அளவையும் மருந்து கொடுத்த நேரத்தையும் நான் குறித்து வைத்திருந்த நோட்டை அவர் வரி வரியாகப் படித்தார். பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில் ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம் என்றும், டெங்கு இல்லையென்று தெளியும் வரை இபுப்ரோஃபென் கூடாது என்றும், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே வேண்டாம் என்றும் சொன்னார்.

கடித்து 6 முதல் 21 நாள்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். விடுமுறை முடிந்து விமானம் ஏறிய பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அங்குள்ள மருத்துவரிடம் ஊருக்குப் போனதையும் புதரில் விளையாடியதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராக அதைக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.