வெண்டைக்காய்க்குப் புளியா, தயிரா, தக்காளியா?

வெண்டைக்காய்க்கென்று அழுத்தமான ருசி ஏதும் கிடையாது. லேசான பச்சை வாசம், லேசான இனிப்பு, விதை பல்லில் படும் சுகம், அப்புறம் அந்தக் கொழகொழப்பு. எதோடு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று யோசிக்க உட்கார்ந்தால், கொழகொழப்பை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் வந்து நிற்போம். நம் சமையலறைகள் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில் புளிப்பு. எந்தப் புளிப்பு என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

கொழகொழப்பு என்பது தண்ணீரில் கரையும் ஒருவகை மாச்சத்துப் பசை. ஈரம் பட்டால் உப்பி நூல் விடும். அதனால்தான் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்தபின் நறுக்கச் சொல்கிறார்கள். முன்னாலேயே போட்ட உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும் என்பதால், வறுவலுக்கு உப்பு கடைசியில்தான். புளிப்பு பட்டால் இந்தப் பசையின் பிடி தளரும். ஆனால் அதற்குக் கூலியும் உண்டு. பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறமாகும். காய் மேற்கொண்டு மெத்தென்று வேகாது. பருப்பு வேகுமுன் புளியை ஊற்றாதே என்பதும் இதே கணக்குதான். ஆக, எந்தப் புளிப்பானாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எவ்வளவு கூர்மை, கூடவே எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவருகிறது, எப்போது உள்ளே வருகிறது.

குழம்பென்றால் என் ஓட்டு புளிக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். புளியின் புளிப்பு கொதியில் ஆவியாகிப் போவதில்லை. குழம்பு சுண்டச் சுண்ட ஏறும். அந்த முரட்டுத்தனத்துக்கு எதிரில் நிற்க மூன்று துணை வேண்டும்: நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், வெந்தயம். எண்ணெய் கூர்மையை மழுக்குகிறது, வதங்கிய வெங்காயம் இனிப்பைத் தருகிறது, வெந்தயத்தின் கசப்பு புளிப்பை நாக்கில் தங்கவிடாமல் தள்ளிவிடுகிறது. (வெந்தயமும் ஊறினால் கொழகொழக்கும் சரக்குதான். எண்ணெயில் சிவந்துவிட்டால் அந்தக் குணம் அடங்கிவிடும்.) காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கித் தனியே எடுத்து வைக்க வேண்டும். புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் கொதித்துப் பச்சை வாடை போனபின் காயைச் சேர்த்தால் போதும். பச்சைக்காயை நேரே புளித்தண்ணீரில் போட்டு வேகவிட்டால், தோல் விறைப்பாகவும் உள்ளே சளசளவென்றும் இரண்டுங்கெட்டானாக வரும்.

புளியோடு சேரும் இன்னொரு பெரிய கூட்டணி செட்டிநாட்டு மண்டி. அரிசி களைந்த தண்ணீர்தான் அதன் அடித்தளம். முதல் கழுவலை விட்டுவிட்டு, இரண்டாவது கழுவலை எடுத்துப் புளியைக் கரைப்பார்கள். அரைத்த தேங்காயும் இல்லை, பொடியும் அதிகம் இல்லை. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு. களைந்த நீரிலுள்ள மாவு புளிப்பைச் சற்றே மெத்தென்று ஆக்கி, குழம்புக்கு மெல்லிய உடம்பைக் கொடுக்கிறது. மசாலா குறைவாக இருப்பதால் வெண்டைக்காயின் சொந்த வாசனை முழுசாகத் தெரிவது இதில்தான். புளிக்குழம்பில் வெண்டைக்காய்க்குப் பதில் கத்தரிக்காய் போட்டாலும் சமாளிக்கலாம். மண்டியில் எனக்கு மனசு வராது.

சிங்கப்பூர் மீன்தலைக் கறியிலும் புளிக்குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும். அங்கே காயைப் பெரும்பாலும் நறுக்காமல் முழுசாகப் போடுகிறார்கள். திறக்காத காயிலிருந்து பசை வெளியே வர வழியில்லை, குழம்பும் தெளிவாக இருக்கிறது.

தயிர் வேறு ரகம். அதன் புளிப்பு சாது. ஆனால் சூடு பட்டால் திரியும். மோர்க்குழம்பில் ஊறவைத்த துவரம்பருப்பையும் கொஞ்சம் பச்சரிசியையும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்து விடுவது ருசிக்காக மட்டுமில்லை, அந்த மாவுதான் மோரைத் திரியவிடாமல் பிடித்து வைக்கிறது. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். இவ்வளவு குறைந்த கொதியில் காய் வேகாது, பசையும் முறியாது. அதனால் வெண்டைக்காயை முன்கூட்டியே எண்ணெயில் நன்றாகப் பொரித்துப் போட்டாக வேண்டும். அதில் சோம்பல் காட்டினால் கரண்டியைத் தூக்கும்போது நூல் நூலாகத் தொங்கும். நேர்மையாகச் சொன்னால் மோர்க்குழம்புக்கு வெண்டைக்காயைவிட வெண்பூசணிதான் பொருத்தம். நீர்க்காய், மோரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தயிர் உண்மையில் ஜெயிக்கிற இடம் பச்சடி. மெல்லிய வட்டங்களாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, இலை போட்டபின் கெட்டித் தயிரில் கலக்க வேண்டும். குளிர்ந்த தயிர், சூடான மொறுமொறுப்பு, மேலே தாளித்த கடுகும் காய்ந்த மிளகாயும். கேரளத்து ஓண விருந்தில் வரும் வெண்டைக்காய் கிச்சடியில் தேங்காயோடு பச்சைக் கடுகையும் அரைத்துத் தயிரில் சேர்ப்பார்கள். கடுகின் காரம் மூக்கில் ஏறுகிற அந்தக் கணம் நம் பச்சடியில் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மலையாளிகள் ஒரு படி மேல்தான்.

தக்காளியைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை குறைவு. புளிப்பு கொஞ்சம், தண்ணீர் நிறைய. வெண்டைக்காய்ப் பொரியலில் தக்காளியை நறுக்கிப் போடுகிறவர்கள் ஒரு கையால் பசையை முறித்து மறு கையால் ஊட்டி வளர்க்கிறார்கள். வடக்கே பிண்டி மசாலாவில் தக்காளியையும் வெங்காயத்தையும் எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, தனியே வதக்கிய வெண்டைக்காயைக் கடைசியில் புரட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் சரி. துருக்கியிலும் அரபு நாடுகளிலும் பாமியா என்று தக்காளிச் சாற்றிலேயே வேகவைக்கிறார்களே என்றால், அவர்கள் எடுப்பது சுண்டுவிரலைவிடச் சின்னப் பிஞ்சு. காம்பை மட்டும் கூம்பாகச் சீவி, விதையறை திறக்காமல் பார்த்துக்கொள்வார்கள். சமைக்குமுன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி வைப்பதும் உண்டு. நம் சந்தைக் காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டு அந்தப் பக்குவத்தை எதிர்பார்க்க முடியாது.

மாங்காய் சித்திரை, வைகாசிக்கு மட்டும். ஒரு காய் உறைப்பாகப் புளிக்கும், இன்னொன்று அசடாக இருக்கும், அளவு பிடிபடாது. சாம்பாரில் மாங்காயும் வெண்டைக்காயும் சேர்ந்தால் வாசனை பிரமாதம், அவ்வளவே.

பொரியலுக்கு வருவோம். இங்கே புளிப்பும் வேண்டும், ஈரமும் கூடாது. வதக்கும்போது கை நிறைய மோர் தெளிப்பது பழைய வழக்கம். வேலை செய்யும், ஆனால் வாணலியில் மறுபடி ஈரம். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வாசனை பறந்துவிடும், இறக்கியபின் பிழிந்தால் பசையை முறிக்கும் வேலைக்குப் பிந்திவிடும். ஆம்சூர், அதாவது உலர்ந்த மாங்காய்ப் பொடி, இரண்டு சிக்கலையும் ஒரே சிட்டிகையில் தீர்க்கிறது. நம் ஊர்ப் பொருள் இல்லைதான், இருந்தாலும் அகலமான இரும்பு வாணலி, மூடி போடாத வதக்கல், கடைசியில் அரைத் தேக்கரண்டி ஆம்சூர் என்று செய்துபார்த்தவர்கள் மோருக்குத் திரும்புவது கஷ்டம்.

கூடப் போடும் பொடியில் தேங்காய்த்துருவலைவிட வறுத்த வேர்க்கடலைப் பொடிக்கு முன்னுரிமை தருவேன். தேங்காய் ஈரத்தைக் கொண்டுவருகிறது, வேர்க்கடலை மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது. கடலைமாவு தூவுவதும் நல்லதுதான், கொஞ்சம் ஓமம் சேர்ந்தால். கரம் மசாலா வேண்டவே வேண்டாம், காய் காணாமல் போய்விடும். தேங்காய் விட மனமில்லாதவர்களுக்கு யாழ்ப்பாண வழி இருக்கிறது: வதக்கிய வெண்டிக்காயில் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கியபின் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழியும் பால்கறி. காயை முதலில் நன்றாக வதக்கிவிடுவதால் பசை ஏற்கெனவே அடங்கியிருக்கும். எலுமிச்சைக்கு அங்கே வாசனை கொடுக்கும் வேலை மட்டும்தான்.

பசையை விரட்டத்தான் வேண்டுமா என்று கேட்கிற ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் லூயிசியானாவில் கம்போ என்னும் குழம்பைக் கெட்டியாக்கவே வெண்டைக்காய் போடுகிறார்கள். ஜப்பானில் லேசாக வெந்நீர் காட்டி, நறுக்கி, சோயா சாஸும் உலர்மீன் சீவலும் தூவி, இழுபட இழுபடவே சாப்பிடுகிறார்கள். அங்கே உப்பும் மீன்வாசனையும்தான் துணை, புளிப்புக்கு வேலையே இல்லை. ருசிதான், ஆனால் சோற்றில் பிசைந்து சாப்பிடும் கைக்கு இது எளிதில் பழகாது.

மிச்சம் வைப்பதென்றால் புளிக்குழம்பும் மண்டியும் மறுநாள் காலை இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும், காயிலும் புளி இறங்கியிருக்கும். மோர்க்குழம்பைச் சூடுபண்ணினால் திரிந்துவிடும். பச்சடியை எவ்வளவு தேவையோ அவ்வளவே கலக்குங்கள். மீதிப் பொரித்த காயை மூடாமல் தனியே வைத்தால் ராத்திரி ரசஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.