கீழடியா, ஆதிச்சநல்லூரா?

ஒரு நாள்தான் லீவு, ஆதிகால மனிதர்களை அருகில் போய்ப் பார்க்க எங்கே போவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கீழடி, ஆதிச்சநல்லூர் இரண்டும் அகழாய்வு நடந்த நல்ல இடம்தான், ஆனால் காட்டுவது வேறு வேறு.

பயணம்
கீழடி: மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ.
ஆதிச்சநல்லூர்: திருநெல்வேலியிலிருந்து சுமார் 25 கி.மீ., தாமிரபரணிக் கரையில்.

காண்பது
கீழடி: வாழ்ந்த ஊர். செங்கல் சுவர், நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய், விளையாடும் வட்டச் சில்லு. பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒருவர் பெயர் கீறியிருக்கிறது. இது என்னுடையது என்று சொல்லத் தோன்றியிருக்கிறதே அவருக்கு! எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது.
ஆதிச்சநல்லூர்: இறந்தவர்களைப் புதைத்த இடம். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டத் தொடங்கினார், அப்புறம் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ. கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகள், அதாவது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், கிடந்தபடியே தெரிகின்றன. ரீ கண்டெடுத்தவற்றில் பொன் நெற்றிப்பட்டமும் உண்டு, நெல் உமியும் உண்டு. போனவருக்குப் பசிக்கும் என்று நினைத்த மனசு அது.

சரி, யாருக்கு எது?
பிள்ளைகளோடு போனால் கீழடி, விளையாட்டுக் காய்களைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்வார்கள். அண்மையில் ஒருவரை இழந்தவர் ஆதிச்சநல்லூருக்குப் போகலாம். இரண்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டுமென்றால் கீழடியே போதும். பக்கத்துக் கொந்தகையில் தாழிகள் கிடைத்திருக்கின்றன.