முத்திரையைப் படிப்பவர்கள், பாத்திரத்தையும் படிக்க வேண்டும்: ஜப்பானியத் தேநீர்ப் பீங்கான்களுக்கான இணைய மதிப்பீட்டுச் சேவை

பழைய ஜப்பானியப் பீங்கான் தேநீர்ப் பாத்திரங்களின் படங்களைப் பெற்றுக்கொண்டு, அவை எந்தக் காலத்தவை, என்ன விலை பெறும் என்று எழுத்தில் தரும் இணையச் சேவை ஒன்றிடம் இரண்டு செட்டுகளை மதிப்பிடக் கொடுத்தேன். அடியில் இருக்கும் முத்திரையைப் படிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பாத்திரத்தையே படிப்பதில் அந்த அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியவில்லை.

முதல் செட், ரோஜாக்கள் வரைந்து கைப்பிடிகளில் பொன் பூசியது. அடியில் பச்சை நிறத்தில் ஒரு மாலை, அதன் நடுவே 'எம்' என்ற ஆங்கில எழுத்து, 'ஹேண்ட் பெயின்டட்' (கையால் வரைந்தது), 'நிப்பான்' என்ற சொற்கள். இறக்குமதிப் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்பது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததையும், 'நிப்பான்' என்பது ஜப்பானைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் என்று சொல்லி 1921இல் சுங்கத்துறை அதை ஏற்க மறுத்ததால் 'ஜப்பான்' என்ற சொல் வந்ததையும் அறிக்கை தெளிவாக விளக்கியது. மாலைக்குள் உள்ள எழுத்து மொரிமுரா என்ற வணிகக் குடும்பத்தைக் குறிக்கிறது. அவர்கள் 1904இல் தொடங்கிய ஆலைதான் பின்னாளில் நோரிடாக்கே என்ற பீங்கான் நிறுவனம் ஆனது. இந்த முத்திரைக்குப் போலிகள் நிறைய உண்டு. சில போலிகளில் மாலை தலைகீழாக இருக்கும். சிலவற்றில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மணற்கடிகாரம் போன்ற வடிவம் இருக்கும். சேவையினர் முத்திரையை இன்னும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே 'அசல்' என்று எழுதினார்கள். இந்தப் பொறுமைக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் 'முழுவதும் கையால் வரையப்பட்டது' என்ற வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், ரோஜா இதழ் ஒவ்வொன்றிலும் தூரிகை பதிந்த இடம் தடித்து, இழுத்துவிட்ட இடம் மெலிந்து முடிகிறது; ஆறு கோப்பைகளில் ஓர் இலையின் நரம்பு கூட இன்னொன்றைப் போல இல்லை. விரலால் தடவினால் வண்ணம் மெருகின் மேல் லேசாகப் புடைத்திருப்பதும் தெரிகிறது. விளிம்பைச் சுற்றி ஓடும் சின்னப் பூவரிசையிலோ நுண்ணிய புள்ளிகள். எல்லாக் கோப்பைகளிலும் அச்சு மாறாத ஒரே பூக்கள். அந்த வரிசை அச்சிட்டு ஒட்டிய ஒட்டுப்படம், நடுவில் இருக்கும் ரோஜாதான் கைவேலை. இப்படி இரண்டையும் கலந்து செய்வது ஏற்றுமதிப் பாத்திரங்களில் சாதாரணம், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எனினும் விலையைத் தீர்மானிக்கும் அறிக்கை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது செட் குத்தானி வகை. இஷிகாவா பகுதியில் உருவாகும் இந்தப் பீங்கானின் செந்நிறமும் பொன்னும் பார்த்தவுடன் அடையாளம் தெரிபவை. அடியில் சிவப்பு மையில் 'குத்தானி' என்று படிக்கும் இரண்டு ஜப்பானிய எழுத்துகள். கைப்பிடியில்லாத கோப்பைகள் ஐந்து. ஆறாவது கோப்பை தொலைந்துவிட்டதாகக் கருதி மதிப்பைக் குறைத்திருந்தார்கள். ஜப்பானில் வீட்டுப் புழக்கத்துக்கான தேநீர்ச் செட்டுகள் ஐந்து ஐந்தாகவே விற்கப்படுவது வழக்கம். மேல்நாட்டுக் கணக்கான ஆறையும் பன்னிரண்டையும் இதன் மேல் போடுவது தவறு. நான் எழுதிக் கேட்டவுடன் திருத்தி, கழித்ததைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். விவாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய குறை பாத்திரத்தின் நிலையைப் பற்றியது. இரண்டு அறிக்கைகளிலும் 'குறைகள் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். குத்தானிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து நகத்தால் சுண்டினேன். நான்கு கோப்பைகள் மணியோசை போல ஒலித்தன, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. அதை விளக்குக்கு எதிரே பிடித்தபோது விளிம்பிலிருந்து அடிப்பகுதி நோக்கி இறங்கும் மயிரிழை விரிசல் தெரிந்தது. நான் அனுப்பிய படங்களில் அது தெரியவில்லை என்பது உண்மைதான். தெரியாததை 'இல்லை' என்று எழுதுவதற்குப் பதிலாக, ஒளி ஊடுருவும்படி எடுத்த ஒரு படத்தை அவர்கள் கேட்டிருக்கலாம். மெல்லிய பீங்கானில் விரிசல் ஒன்று இருந்தாலே வாங்குபவர் பின்வாங்குவார். கைப்பிடியில் பொன் தேய்ந்திருப்பதைக் கூட அத்தனை எளிதில் மன்னிக்கமாட்டார்.

காப்பீட்டுக்கான மதிப்பையும் ஏலத்தில் எதிர்பார்க்கக்கூடிய மதிப்பையும் தனித்தனியாகத் தருவது இந்தச் சேவையின் நல்ல பழக்கம். முன்னது, அதே போன்ற செட்டைக் கடையில் மறுபடி வாங்க ஆகும் செலவு. பின்னது அதைவிடப் பெரும்பாலும் வெகுவாகக் குறைந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து விற்கப் போய் மனம் நொந்தவர்களை நான் அறிவேன்.

முத்திரை மட்டுமே புரியாமல் இருப்பவர்கள் இவர்களிடம் தயங்காமல் படம் அனுப்பலாம். விற்பதற்காக மதிப்புக் கேட்பவர்கள், அவர்கள் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு கோப்பையையும் விளக்குக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.