சொன்ன கதையெல்லாம் நிஜம், விற்ற கிட்டார் மட்டும் பொய்

பழைய, விசித்திர வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் தேடி அலைபவர்கள் யாராவது இருந்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குப் பித்து தலையில்லாத கிட்டார் மேல். நெட் ஸ்டைன்பெர்கர் அடிப்படையில் மேசை நாற்காலி வடிவமைத்தவர். 1970களின் கடைசியில் கிட்டாரின் தலையையே நீக்கிவிட்டு, முறுக்காணிகளை உடலின் அடிமுனைக்குக் கொண்டுபோனார். மரமும் இல்லை, கார்பன் இழையும் எப்பாக்ஸியும் சேர்த்து வார்த்த உடல். முதலில் தாழ்ந்த சுருதிக்கான பேஸ் கிட்டார், பிறகு சாதாரண கிட்டார். அந்தத் தொடக்க காலத்து கிட்டார் ஒன்று இருப்பதாக ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார்.

போனில் பேசினால் மனிதர் நடமாடும் நூலகம். 1932இல் விற்பனைக்கு வந்த, வாணலி மாதிரி இருந்த ரிக்கன்பேக்கர் அலுமினிய கிட்டாரிலிருந்து ஆரம்பித்தார். 1958இல் கிப்சன் இறக்கிய ஃபிளையிங் வி அன்று விலைபோகாமல், முதல் சுற்றில் நூறு கூடத் தேறாத சோகத்தைச் சொன்னார். 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் ஆம்பெக் நிறுவனத்துக்காகச் செய்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் கிட்டாரையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன், எல்லாம் சரி. கிப்சனின் ‘மாடர்ன்’ என்ற மாடலைப் பற்றிக் கேட்டதற்கு, “காப்புரிமைப் படம் இருக்கு, அந்தக் காலத்து கிட்டார் ஒண்ணுகூட நிரூபணமாகலை. வெச்சிருக்கேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க” என்று எனக்கே புத்தி சொன்னார்! அப்புறம் எங்கே சந்தேகம் வரும்? முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

வந்தது அழகாகத்தான் இருந்தது. கறுப்பு, பளபளப்பு, இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பிகள். இரண்டு மாதம் ஒழுங்காக வாசித்தேன். காற்றில் ஈரம் ஏறியதும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது விரல் வைக்கும் குறுக்குக் கட்டையில், கம்பி மேலே எழும்பி நின்றது. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, வளைந்திருக்கிறது. கார்பன் நெக் ஈரத்துக்கு ஏன் வளைய வேண்டும்?

விளக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். நெக்கின் முனையில் சுண்டைக்காய் அளவில் ஒரு வட்டம், சுற்றியிருந்த கறுப்பைவிடக் கொஞ்சம் மங்கல். ஊசியால் நோண்டினேன். அடைத்திருந்த பசை உதிர்ந்து, உள்ளே அறுகோணக் குழியோடு ஓர் ஆணி தெரிந்தது: டிரஸ் ராட், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பி. முழுக்க வார்த்த அந்த மாடல்களில் டிரஸ் ராட் கிடையாது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றி உள்ளே சுரண்டினால் வெளிறிய மரத்தூள். 80களிலேயே உரிமம் வாங்கி மரத்தில் செய்த மலிவு மாடல்கள் வந்துவிட்டன. அதில் ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிட்டிருக்கிறார். மரத்தில் செய்ததைக் குறை சொல்லவில்லை, வாசிக்க நல்ல கிட்டார்தான். மர விலைக்கு மரம் என்று சொல்லி விற்றிருக்கலாம்.

கேட்டதற்கு, “நல்லா பாத்துத்தானே வாங்கினீங்க?” என்றார். அதோடு சரி, போனை எடுப்பதில்லை.

இந்த மாதிரி வாங்குவதாக இருந்தால், பிக்கப் கழற்றிய குழியின் படத்தையும் நெக்கின் இரு முனைப் படங்களையும் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை வளர்க்காதீர்கள். வரலாறு சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வெட்டிவிட்டுப் படத்தைக் கேளுங்கள்.

நேற்று வேறொரு பெயரில் புது விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. அதே பாணி வர்ணனை, அதே கறுப்புப் பளபளப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெக் முனையில் அதே மங்கல் வட்டம்.